கூழ் ஓராளுக்குக் காய்ச்சேலாது

துரொம்சோ, வட நோர்வே,
23.01.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். உங்கட சுகத்துக்கு நல்லூரானை வேண்டிறன்.

குணம் அண்ணை ஒஸ்லோவில வந்து இறங்கி, பார்சலைத் தபாலில போட்டு, அது போன வெள்ளிக்கிழமைதான் என்ர கைக்கு வந்தது. தூள், ஒடியல் மா, எள்ளுருண்டை, எல்லாத்துக்கும் அடியில உங்கட கடிதம். விளக்கீட்டுக்கு முதல்நாள் எழுதியிருக்கிறியள். "அஞ்சு மாசமா ஒரு வரி இல்லை" எண்ட இடத்தில பேனை அழுத்தி மற்றப் பக்கம் தெரியுது. ஃபோனில கதைக்கிறம்தானே எண்டு நானும் இருந்திட்டன். உங்களுக்கு வலக்காது கேக்கிறேல்லை எண்டதும், சுபாதான் பக்கத்தில நிண்டு "அம்மா சரியாம்" எண்டு பதில் சொல்லுறாள் எண்டதும் கடிதத்தைப் படிச்சாப் பிறகுதான் விளங்கினது. பிழை என்னிலதான்.

பதினொரு கேள்வி கேட்டிருக்கிறியள். எண்ணிப் பாத்தனான்.

குளிருக்கு உடுப்பு இருக்கோ எண்டு கேட்டியள். இருக்கு. இவையள் சொல்லுறது, கூடாத காலநிலை எண்டு ஒண்டில்லையாம், கூடாத உடுப்புத்தான் உண்டாம். உள்ளுக்கு மெல்லிய கம்பளி, அதுக்கு மேல தடிச்ச கம்பளி, அதுக்கு மேல காத்துப் புகாத கோட். சப்பாத்துக்குக் கீழ கொழுவிற இரும்பு முள்ளும் இருக்கு, அது இல்லாட்டி ஐசில வழுக்கி விழவேண்டியதுதான். நீங்கள் நினைக்கிற மாதிரி இது உறைஞ்சு சாகிற ஊர் இல்லை. கடல்ல வெந்நீரோட்டம் வாறபடியால் தை மாசத்திலயும் அநேகமா சைபருக்கு அஞ்சாறு பாகை கீழதான் நிக்கும். இருட்டுத்தான் குளிரை விடக் கரைச்சல். நீங்கள் அங்க விளக்கு வைச்ச அந்த நாள்களில இஞ்ச சூரியன் போனது, பேந்து ரெண்டு மாசம் எழும்பேல்லை. பகல் பன்னிரண்டு மணிக்கு மையை ஊத்தின மாதிரி ஒரு நீல வெளிச்சம், ரெண்டு மணித்தியாலத்துக்கு. அவ்வளவுதான்.

வீடு சூடாத்தான் இருக்கு. வடக்குப் பக்கச் சனத்துக்கு வீட்டுக் கரண்டுக்கு வற் வரியும் இல்லை. நான் ஒரு அறையை மட்டும்தான் சூடாக்கிறனான், தனிய ஒராளுக்கு மற்ற அறை என்னத்துக்கு?

மீனெண்ணெய் குடிக்கிறன். சின்னனில எங்கட மூக்கைப் பொத்திப் பருக்கினியளே, அதேதான். இஞ்ச அது மருந்தில்லை, காலமைச் சாப்பாட்டோட ஒரு கரண்டி. செப்டெம்பரில இருந்து ஏப்ரல் மட்டும், மாசத்தின்ர பேரில "ஆர்" எழுத்து வந்தாக் குடிக்கவேணும் எண்டு ஒரு கணக்கு வைச்சிருக்கினம்.

இந்தக் கணக்கைச் சொல்லித் தந்தது கீழ்வீட்டுக் கிழவர். அவற்ற பேர் ஒட்வார். எனக்கு அது முதல் நாளே ஓதுவார் எண்டுதான் கேட்டது, இப்பவும் மனசுக்குள்ள ஓதுவார்தான். ஆனால் வாய் திறக்காத ஓதுவார். வயசு எண்பதுக்கு மேல, பழைய மீன்பிடிக்காரர். விடிய நாலரைக்கு எழும்பி, தன்ர வாசல், என்ர வாசல், எதிர்வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சியின்ர வாசல் எல்லாம் பனியை வழிச்சுத் தள்ளிப்போட்டுப் போய்ப் படுத்திடுவார். நன்றி சொன்னால் கோவம் வந்த மாதிரி முகத்தைத் திருப்புவார். முதல் வருசம் என்னோட ஏதோ மனஸ்தாபம் எண்டே நினைச்சனான். பாத்தால் அது இவையின்ர மரியாதை, மற்ற ஆளை அவற்ற பாட்டில விடுறது. வேலியில நிண்டு "என்ன கறி" எண்டு கேக்காத ஊர், அம்மா. மாமி வந்தால் ஒரு கிழமை தாங்கமாட்டா.

ஆனால் பனி கரைஞ்சால் "டூக்நாட்" எண்டு ஒண்டு வைப்பினம். எங்கட சிரமதானம்தான். மாரியில வழுக்காமல் இருக்கக் கொட்டின சல்லியை எல்லா வீட்டாரும் வந்து கூட்டி அள்ளவேணும். டாக்குத்தர், பஸ் ஓடுறவர், நான், எல்லாரும் தும்புத்தடியோட. வராட்டி ஒருத்தரும் ஏசமாட்டினம், ஆனால் அடுத்த வருசமும் மறக்கமாட்டினம்.

வோட்டு இருக்கோ எண்டு கேட்டதை வாசிக்கச் சிரிப்பு வந்திட்டுது. இருக்கு. மூண்டு வருசம் ஒழுங்கா வதிஞ்சால், பிரசை இல்லாட்டியும் நகரசபைக்குப் போடலாம். 1983 இல இருந்து அப்பிடித்தானாம். போன செப்டெம்பர் 11 போட்டனான். ஒலிபெருக்கி இல்லை, போஸ்டர் ஒட்டின மதில் இல்லை. சந்தைச் சதுக்கத்தில ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு சின்ன மரக்கொட்டில், அதில நிண்டு வாஃபிள் சுட்டுக் குடுக்கினம். நான் மூண்டு கட்சியின்ர வாஃபிளையும் திண்டு பாத்தனான். அங்க காசில்லை எண்டு உள்ளூராட்சித் தேர்தலைத் தள்ளிப்போட்ட அதே வருசம், எங்கயோ கிடக்கிற எனக்கு இஞ்ச வோட்டு. அப்பா இருந்திருந்தால் இதைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைச்சிருப்பார்.

அப்பாவை நினைக்க இன்னொண்டு. 1956 இல நோர்வேக்கு முதல் வந்த தமிழர் எண்டு இஞ்ச ராஜேந்திரத்தாரைச் சொல்லுவினம். குருநகரில சீநோர் மீன்பிடிக் கொம்பனி போட்ட அதே ஆள்தான். அப்பா சைக்கிள் மிதிச்சுப் போய் வலை பின்னின கொம்பனிக்கும் நான் மீன் வெட்டுற ஊருக்கும் அப்பிடி ஒரு கொடி ஓடுது எண்டு எனக்கு இஞ்ச வந்துதான் தெரியும்.

வேலை நல்லாப் போகுது. இப்ப கொஞ்ச நாள் வீட்டில நிக்கச் சொல்லியிருக்கினம், அவ்வளவுதான். இவையும் ரஷ்யாவும் சேர்ந்து இந்த வருசம் பிடிக்கிற தொர்ஸ்க் மீனை ஐந்தில ஒரு பங்கு குறைச்சுப்போட்டினம், அதால தொழிற்சாலைக்கு மீன் வரத்துக் குறைவு. எனக்கும் ஓய்வு வேணும்தானே. பகலில நூலகத்தில போய் இருக்கிறன். வளைஞ்ச கூரையும் முழுக்கக் கண்ணாடியுமா வடிவான கட்டிடம், சூடும் இருக்கு, ஒருத்தரும் எழும்பச் சொல்லமாட்டினம். வாற வழியில வெறும் போத்தல் கண்டால் எடுக்கிறது. சின்னதுக்கு 2 குரோனர், பெரிசுக்கு 3, கடையில மெசினுக்குள்ள போட்டால் துண்டு வரும். இஞ்ச எல்லாரும் செய்யிறதுதான், ஊரும் சுத்தமா இருக்கும். புதுவருசம் பிறந்த காலமை மட்டும் 140 போத்தல் எடுத்தனான். ஒருக்கா மாறிப் பக்கத்துப் பொத்தானை அமத்த 86 குரோனர் செஞ்சிலுவைச் சங்க லொத்தருக்குப் போட்டுது. அண்டிரவு நித்திரையே இல்லை. குளிராலதான்.

கோயில் ஒஸ்லோவில இருக்கு, முருகன். பிளேனில ரெண்டு மணித்தியாலம். இஞ்ச ஒரு சின்ன மாதா கோயில் இருக்கு, மரத்தால கட்டினது. உலகத்திலயே ஆக வடக்க ஆயர் இருக்கிற கத்தோலிக்கக் கோயில் அதுதானாம், 1989 இல பாப்பரசரும் துரொம்சோவுக்கு வந்து போனவர். மடுவுக்குப் போன மாதிரி நினைச்சுக்கொண்டு ஒரு மெழுகுதிரி கொளுத்திப்போட்டு வருவன். முருகன் கோவிக்கமாட்டார்.

பொங்கலுக்குப் பொங்கினனான். ஆருக்குப் படைக்கிறதெண்டுதான் விளங்கேல்லை. கரண்ட் அடுப்பில பால் பொங்கி வழிய, கூரையில இருக்கிற புகை மணி அடிச்சு எதிர்வீட்டுக் குழந்தை எழும்பி அழுதுது. சூரியன் வந்தால் இஞ்ச கிழக்கால வாறேல்லை அம்மா, தெற்கு மலைக்கு மேலால ஒருக்கா எட்டிப் பாத்திட்டுப் போயிடும். அதுவும் ஜனவரி 21 மட்டும் பாத்திருக்கவேணும்.

பார்சல் வந்த அடுத்த நாள் கதவுக் கைபிடியில ஒரு பை தொங்கினது. உள்ள தொர்ஸ்க், ஈரல் வேற, சினை வேற. துண்டு ஒண்டும் இல்லை, ஆனால் ஆரெண்டு தெரியும். உங்கட தூளைப் போட்டு, பழப்புளி விட்டுக் குழம்பு வைச்சன். ஒரு பெட்டியில ஊத்தி அவற்ற கைபிடியில நானும் ஒண்டும் பேசாமல் தொங்க விட்டன். ஞாயிற்றுக்கிழமை, சூரியன் திரும்பிற நாள், கதவில தட்டுது. ஓதுவார். கழுவின பெட்டி, அதுக்குள்ள ஜாம் வைச்சுப் பொரிச்ச பணிஸ். அண்டைக்கு ஊர் முழுக்க அதைத்தான் திண்பினம். "சோல்" எண்டார். சூரியன் எண்டு அர்த்தம். ரெண்டு பேரும் யன்னலடியில நிண்டு பாத்தம். ஒரே முகில், ஒண்டும் தெரியேல்லை. அவர் பாதி, நான் பாதி பணிஸைத் திண்டு முடிச்சம்.

அவர் போனாப் பிறகு ஒடியல் மாவை எடுத்து வைச்சன். இறால் இருக்கு, கீரைக்கு ஸ்பினாச் போடலாம், பயித்தங்காய் ஆசியன் கடையில வாங்கலாம். எல்லாம் யோசிச்சுப்போட்டுத் திருப்பிக் கட்டி வைச்சிட்டன். கூழ் ஓராளுக்குக் காய்ச்சேலாது அம்மா. எவ்வளவு குறைச்சுப் போட்டாலும் அது பெரிய பானைச் சாமான். முத்தத்தில எல்லாரும் குந்தி இருக்கவேணும், பிலாவிலை கோலவேணும், சின்ன மாமா சூடு எண்டு கத்தவேணும். பார்சலைச் சுத்தியிருந்த உதயன் பேப்பரை விரிச்சு, மரண அறிவித்தலில இருந்து மணமகன் தேவை மட்டும் படிச்சன். பேப்பரில தூள் மணம்.

சரி, அதை விடுங்கோ. பெரியப்பாவின்ர வேலி விசயம். இந்தமுறை அவையின்ர முறை எண்டால் அடைக்கட்டும், ஆனால் சுபாவோ சின்ன மாமாவோ பக்கத்தில நிக்கவேணும். பெரியப்பா வேலி அடைச்சால் கதியால் நடக்கும், உங்களுக்குத் தெரியாததே. கிணத்தடியில நிக்கிற கிளுவையில கை வைக்க விடாதேங்கோ, அதுதான் எல்லை, காணி உறுதியிலயும் இருக்கு. உறுதியை மாமியிட்டக் குடுக்கவேண்டாம், படம் எடுக்கவும் விடவேண்டாம்.

சுபாவின்ர கலியாண எழுத்தை வைகாசிக்கு வைக்கச் சொல்லுங்கோ. சித்திரையில நான் காசு அனுப்ப வசதிப்படாது. இந்த மாசம் அரைவாசிதான் போட்டிருக்கிறன், வங்கியில ஏதோ தாமதம். சீட்டுக் காசை முதல் கட்டுங்கோ, கூரை ஓடு பேந்து பாப்பம். மாட்டை விக்கவேண்டாம். காதுக்கு யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில ஒருக்காக் காட்டுங்கோ, சுபா கூட்டிக்கொண்டு போகட்டும்.

பதினோராவது கேள்விக்கு டிக்கெற் விலையைப் பாத்திட்டு எழுதுறன்.

அன்பு மகன்,
கண்ணன்

பி.கு.: தூள் முடியப்போகுது. ஆரும் வந்தால் அரைக்கிலோ கூடக் குடுத்து விடுங்கோ, அதில பாதியை உறைப்புக் குறைச்சு இடிச்சு, வேற பையில கட்டி. ஓதுவார் பெட்டியைத் தந்திட்டுப் போகேக்க, மூடியைத் திறந்து ஒருக்கா மணந்து பாத்தவர்.