மைனியின் படம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குளச்சலில் 30 வருடமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். போன மாதம் ஒரு பத்திரிகையில் என் மைனி (அண்ணி) மீன் விற்கும் படம் வந்தது. பக்கத்தில் நின்ற அதிகாரிக்குப் பெயர், பதவி எல்லாம் இருந்தது. மைனிக்கு 'மீனவப் பெண்' என்று மட்டும். முகமோ கரி பூசினது போல. "இது நான்தானா?" என்று மைனி கேட்டபோது எனக்கு மனசு கனத்துவிட்டது.

பின்னால் மணலும் கடலும் பளபளத்தால் வெளிச்சத்தை அளக்கும் கேமரா மீட்டர் ஏமாந்து, எங்கள் கறுத்த முகத்தை இன்னும் இருட்டாக்கிவிடும். படகு நிழலுக்குக் கூப்பிட்டு நிறுத்தி, முகத்துக்கு ஏற்ற எக்ஸ்போஷர் (ஒளி அளவு) வைத்தால் கன்னத்துச் சுருக்கம் வரை தெரியும். ஒரு நிமிட வேலை. அந்தக் காலத்துக் கலர் லேப்களில் வெள்ளைக்காரப் பெண்ணின் படம் உள்ள 'ஷெர்லி' அட்டையை வைத்துத்தான் தோல் நிறத்தைச் சரிபார்த்தார்கள். சரி, அது பிலிம் காலம். இன்று என்ன தடை?

2017 நவம்பரில் ஒக்கி புயல் அடித்தபோது எங்கள் குமரி மாவட்டக் கடலோர ஊர்களான சின்னத்துறை, வள்ளவிளைப் பெண்கள் அழுத முகங்கள் எல்லாப் பத்திரிகையிலும் வந்தன. வர வேண்டியதுதான். ஆனால் அப்புறம்? ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கிச் சுறா பிடிக்கும் தூத்தூர்க்காரர் ஒருவர் நிமிர்ந்து நிற்கும் படத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. பேச்சிப்பாறை மலையில் இருக்கும் காணிப் பழங்குடி மக்களும் உதவிப் பொருள் வாங்கும்போது மட்டும்தான் படத்தில் வருகிறார்கள்.

உங்கள் நிருபர்கள் கடற்கரைக்கு வந்தால் தயவுசெய்து பெயரைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். கேட்டால் மைனி சொல்லுவார்.

ஸ்டுடியோக்காரர்,
குளச்சல்