அந்த சார்ட்ட திரும்ப மாட்டுங்க: கண்காட்சி குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அறிவியல் கண்காட்சி குழுவினருக்கு வணக்கம்.

போன வாரம் மதுரையில என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும், அதனால சுருக்கமா சொல்றேன். மேலூர்ல என்கிட்ட டியூசன் படிக்கிற ஒன்பதாவது புள்ள, கோடிக்கணக்கான நட்சத்திரம் சேந்து சுத்துற கேலக்சி பத்தி சார்ட் போட்டிருந்துச்சு. நடுவுல இருந்து தள்ளிப் போகப் போக நட்சத்திரத்தோட வேகம் குறையாம, கிராஃப்ல கோடு கிட்டத்தட்ட படுக்கையாவே போகும். உங்க நடுவர் ஒருத்தர் சிவப்பு பேனாவ எடுத்து அந்தக் கோட்டு மேலயே கீழ்நோக்கி வளைச்சு இன்னொரு கோட்ட இழுத்து, "தவறு, கெப்ளர் விதி படிக்கவும்"னு எழுதிட்டாரு. அப்பறம் சார்ட்டையும் கழட்டிட்டீங்க. ஸ்கெட்ச் பேனால பாத்து பாத்து வரைஞ்சதுங்க அது, சிவப்பு மை பின்பக்கம் வரைக்கும் ஊறியிருக்கு.

நடுவுல இருக்குற எடைய விட்டுத் தள்ளிப் போகப் போக சுத்துற வேகம் குறையும்ங்கிற கெப்ளர் விதி அந்தப் புள்ளைக்குத் தெரியும். சூரியக் குடும்பத்துல எடை கிட்டத்தட்ட பூராவும் சூரியன்கிட்டயே இருக்கு, அதனாலதான் புதன் செகண்டுக்கு 47 கிலோமீட்டர் ஓடுது, கடைசில கெடக்குற நெப்டியூனுக்கு 5 சொச்சம்தான். கேலக்சி கதை வேற. வெரா ரூபின், கென்ட் ஃபோர்டுன்னு ரெண்டு வானியல் ஆராய்ச்சியாளருங்க நம்ம பக்கத்து கேலக்சியான ஆண்ட்ரோமெடாவ அளந்து 1970லயே பேப்பர் போட்டாச்சு, வெளிச்சம் மங்குற ஓரத்துலயும் வேகம் விழல. நட்சத்திரமெல்லாம் நடுவுலயும் தட்டு மாதிரி பகுதியிலயும் நெருக்கமா இருக்கு, கண்ணுக்குத் தெரியாம ஈர்ப்பு மட்டும் காட்டுற டார்க் மேட்டரும் நடுவுலதான் அடர்த்தி, ஆனா நட்சத்திரம் மாதிரி சட்டுனு தீந்து போகாம தட்டைத் தாண்டி நாலாபக்கமும் உருண்டையா ரொம்ப தூரம் பரவிக் கெடக்கு, அதனால வெளிய போகப் போக அதோட ஈர்ப்புதான் ஓங்கும், வேகமும் குறையாம நிக்கும்.

"அழகர் ஆத்துல எறங்குறதுக்கு முந்தின ராத்திரி பாலத்துல நின்னு பாத்தா லைட்டு போட்ட எடம்தான் சார் தெரியும், சனம் அதையும் தாண்டி இருட்டுக்குள்ள நிக்கும்"னு அந்தப் புள்ள சொல்லியிருக்கு. நடுவருக்கு கேக்க நேரமில்ல. சீஃப் கெஸ்டுக்குப் பொன்னாடை போத்த மட்டும் நேரம் எம்புட்டு இருந்துச்சு! முதல் பரிசு சோடா உப்பு எரிமலைக்கு, வருசா வருசம் அதே எரிமலைதான், இந்நேரம் அதுக்கே சலிச்சிருக்கும். தெரியாததத் தெரியலன்னு சொல்ற வாத்தியார எந்த மேடையிலயும் காணோம்.

மன்னிக்கணும், கோவத்துல எங்கிட்டோ போயிட்டேன். பரிசு கேக்கல. மாச கடைசி வரைக்கும் ஹால்ல மத்த சார்ட்டெல்லாம் தொங்குதுல்ல, அங்கன இதையும் திரும்ப மாட்டுங்க. சிவப்புக் கோடுதான் தப்புன்னு கீழ ஒரு வரி எழுதி, நடுவர் கையெழுத்தும் வாங்கிக் குடுத்தீங்கன்னா புண்ணியமா இருக்கும். தயவுசெஞ்சு இந்த வாரத்துக்குள்ள பண்ணிருங்க, புள்ள சாயங்காலமானா "மாட்டிட்டாங்களா சார்"னு கேக்குது.

இப்படிக்கு,
மேலூர் டியூசன் வாத்தியார்