அப்பாவுக்கு, புது பாய்லர் பற்றி

லீட்ஸ்,
நவம்பர் மாதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் குட்டியும் நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அந்தத் தைலத்தையே தேய்த்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

போனில், "புது பாய்லர் எத்தனை கிலோவாட், பிரஷர் எவ்வளவு, வருஷம் எவ்வளவு செலவு" என்று அடுக்கடுக்காகக் கேட்டீர்கள். குட்டி அழுததால் பாதியில் வைத்துவிட்டேன். மோகனூர் சர்க்கரை ஆலையில் அத்தனை அரவைக்கும் பாய்லர் பார்த்தவருக்கு வாட்ஸப்பில் ஒரு படம் போதாது. அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இதில் தண்ணீரை நீராவியாக்குவதே கிடையாது. சமையலறைச் சுவரில் சின்ன அலமாரி அளவுக்கு ஒரு வெள்ளைப் பெட்டி, அவ்வளவுதான். தெருக் குழாயில் வரும் காஸ் எரிந்து தண்ணீரைச் சூடாக்கும். ஒரு பம்ப் அதை ஒவ்வொரு அறைச் சுவரிலும் இருக்கும் ரேடியேட்டர் என்ற இரும்புப் பலகைக்கு அனுப்பும், அது அறையைச் சூடாக்கும். ஆறிய தண்ணீர் திரும்பி வரும். பிரஷர் ஒன்றிலிருந்து ஒன்றரை பார் (bar) அளவுதான். சிரிக்காதீர்கள். குளிக்க வெந்நீரும் இதே பெட்டிதான் தருகிறது. தொட்டி கிடையாது, குழாயைத் திறந்ததும் சுடவைத்துக் கொடுக்கும்.

பழைய பாய்லருக்கு இருபது வயது தாண்டிவிட்டது, உதிரி பாகம் கிடைக்கவில்லை. மாப்பிள்ளைக்கு ஹீட் பம்ப் போட ஆசை. வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை மின்சாரத்தால் இழுத்து உள்ளே தள்ளும் இயந்திரம் அது. அரசாங்கம் 7,500 பவுண்டு மானியமும் தருகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் சூடு கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் இங்கே மின்சார யூனிட் விலை காஸைப் போல நான்கு மடங்கு. (காஸையும் யூனிட் கணக்கில்தான் விற்கிறார்கள்.) கணக்குப் போட்டால் மாதச் செலவில் லாபம் எதுவும் தெரியவில்லை. எங்களுடையது பழைய செங்கல் சுவர் வீடு, அதற்கு வேண்டிய பெரிய வெந்நீர்த் தொட்டி வைக்கவும் இடமில்லை. அதனால் இந்த முறை காஸ்தான். ஹாலிலும் குட்டியின் அறையிலும் மட்டும் ரேடியேட்டரைப் பெரிதாக மாற்றிக்கொண்டோம். பின்னால் ஹீட் பம்ப் போட்டாலும் அது வீணாகாது.

இப்போது உங்கள் கிலோவாட். விலை சொல்ல வந்த ஒருவர் 35 போடுங்கள் என்றார். நல்ல குளிர் நாளில்கூட எங்கள் வீட்டுக்கு வேண்டிய சூடு ஏழெட்டு கிலோவாட்தான். பெரிய எண் எல்லாம் ஷவருக்காக. ஓடுகிற தண்ணீரை அந்த நிமிஷமே சுடவைக்க 24-க்கு மேல் வேண்டும். அதனால் நான் அவரிடம் கேட்டது எவ்வளவு குறைவாக எரிய முடியும் என்பதைத்தான். அவர் அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. சில பெட்டிகளில் தீயை ஓரளவுக்கு மேல் தணிக்க முடியாது. மிதமான குளிரில் எரிவதும் அணைவதுமாகவே இருக்கும். அது காஸுக்கும் கேடு, இயந்திரத்துக்கும் கேடு. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் வாங்கியது 28 கிலோவாட், மூன்று வரை இறங்கும்.

நீங்கள் ரசிக்கப் போகும் விஷயம் இனிதான். ஆலையில் புகையோடு போகும் சூட்டை எகனாமைசர் வைத்துப் பிடிப்பீர்களே, இது அதற்கும் மேலே ஒரு படி போகிறது. காஸ் எரியும்போது உண்டாகும் நீராவியை உள்ளேயே குளிரவைத்துத் தண்ணீராக்கி, அதிலுள்ள சூட்டையும் எடுத்துக்கொள்கிறது. ரேடியேட்டரிலிருந்து திரும்பும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் இது நடக்கும். 2005-லிருந்து இங்கிலாந்தில் புது காஸ் பாய்லர் என்றால் அநேகமாக இந்த வகைதான் போட வேண்டும் என்று விதி. ஆனால் பொருத்த வந்தவர் ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரின் சூட்டை 75-ல் வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்தச் சூட்டில் ஓட்டினால் இந்த வகை பாய்லரின் அந்தக் கூடுதல் லாபம் பெரும்பாலும் போய்விடும். இந்தத் தெருவில் பல வீடுகளில் அப்படித்தான் ஓடுகிறது.

நான் 55-க்கு இறக்கிவிட்டேன். ரேடியேட்டரைத் தொட்டால் முன்போல் கை சுடாது. பக்கத்து வீட்டு அம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, பழுதா என்று கேட்டார். வீடு சூடேற நேரம் பிடிக்கும், அதனால் விடிவதற்கு முன்பே தானாக ஓட ஆரம்பிக்கும்படி வைத்திருக்கிறோம். பகலில் 19 டிகிரி, இரவில் 16. படுக்கையறை ரேடியேட்டரை வால்வைத் திருகித் தணித்துவிடுவோம். உங்கள் ஊர் மார்கழி இங்கே எங்களுக்கு வெயில் காலம் மாதிரி, அதனால் 19 போதும். கம்பளிச் சட்டை இருக்கிறது.

பராமரிப்பு அதிகமில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை பதிவு பெற்ற காஸ் ஆள் வந்து பார்க்க வேண்டும். விட்டுவிட்டால் வாரன்டி போய்விடும். குழாயில் காந்தம் வைத்த ஒரு ஃபில்டர் இருக்கிறது. அதைக் கழுவினால் மை மாதிரி கறுப்பாகச் சேறு வரும், ரேடியேட்டர் இரும்பு அரித்து வருவது. ரேடியேட்டர் கீழே சூடாகவும் மேலே ஜில்லென்றும் இருந்தால் காற்று அடைத்திருக்கிறது என்று அர்த்தம். ஹீட்டிங்கை அணைத்து ஆறவிட்டு, ஒரு சின்னச் சாவியால் மேல் மூலையில் திருகினால் உஸ்ஸென்று காற்று போய்த் தண்ணீர் எட்டிப் பார்க்கும், உடனே மூடிவிட வேண்டும். அப்புறம் பிரஷர் இறங்கியிருக்கும், தண்ணீர் ஏற்ற வேண்டும். இதெல்லாம் என் வேலை. கடும் பனியில், நீராவி குளிர்ந்து சேரும் தண்ணீரை வெளியே விடும் குழாய் உறைந்து பாய்லர் நின்றுவிடலாம். கொதிக்கிற தண்ணீர் கூடாது, வெதுவெதுப்பானதை ஊற்றி இளக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரமும் மாட்டியிருக்கிறது, கவலைப்படாதீர்கள்.

அம்மாவிடம் சொல்லுங்கள்: பழைய வெந்நீர்த் தொட்டி இருந்த அலமாரி போனதில் எனக்கு ஒரே வருத்தம்தான். இட்லி மாவு அங்கேதான் பொங்கும். இப்போது ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு வைக்கிறேன். பொங்குகிறது, கொஞ்சம் புளிப்புக் குறைவு. அப்புறம் ஈரத் துணியை ரேடியேட்டரில் போட வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் அம்மாவே ஒரு வார்த்தை சொல்லட்டும். சுவரில் பூஞ்சை பிடிக்கிறது, நான் சொன்னால் கேட்பதில்லை.

விசா விஷயம் என்னவாயிற்று? பிப்ரவரியில் வந்தால் நீங்கள் பாய்லர் ஓடுவதைப் பார்க்கலாம். ஜூனில் வந்தால் அம்மாவின் முழங்காலுக்கு நல்லது. இருவரும் பேசி முடிவு செய்து தேதி சொல்லுங்கள், டிக்கெட் போடுகிறேன்.

அன்புடன்,
செல்வி