ஒரே மையில் எழுதிய நோட்டு

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நான் பேச்சை மாற்றிவிட்டேன். உடம்பில் ஒட்டியிருக்கும் சென்சார் காட்டும் உன் இரத்தச் சர்க்கரை அளவு என் கைபேசிக்கும் வருகிறதே, அதை நிறுத்திவிடலாமா என்று கேட்டாய். கோபமாகக் கேட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். நீ தயங்கித் தயங்கி, அப்பாவின் மனம் புண்படுமோ என்று அஞ்சிக்கொண்டே கேட்டாய். அந்தத் தயக்கம் மூன்று இரவுகளாக என்னைத் தூங்கவிடவில்லை. பத்தொன்பது வயதுப் பெண் தன் உடம்பைப் பற்றிய செய்தியைத் தன்னிடம் வைத்துக்கொள்ள இவ்வளவு பயப்பட வேண்டுமா? அந்தப் பயத்தை உனக்கு யார் கொடுத்தது என்று யோசித்தபோது, நீல அட்டை போட்ட அந்த நோட்டு நினைவுக்கு வந்தது.

உனக்கு அப்போது பதின்மூன்று வயது, நீரிழிவு தெரியவந்து ஐந்து ஆண்டுகள். நம்மிடம் சென்சார் கிடையாது. விரலில் குத்தி அளந்து, நேரத்தையும் அளவையும் நோட்டில் எழுதி, மருத்துவரைப் பார்க்கும்போது எடுத்துப்போக வேண்டும். போவதற்கு முந்தைய இரவு நோட்டைப் புரட்டினேன். மூன்று வாரத்து எண்களும் ஒரே மையில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் எழுதப்பட்டிருந்தன. 112, 124, 118, 131. ஒன்றுகூட 150-ஐத் தாண்டவில்லை. சர்க்கரை அளக்கும் கருவியான குளுக்கோமீட்டரில் பதிவாகியிருந்தவற்றைப் பார்த்தேன். பாதி நாட்கள் நீ அளக்கவே இல்லை. அளந்த நாட்களில் 280, 310. நான் கத்தினேன். பொய் சொல்லக் கற்றுக்கொண்டாயா என்று கேட்டேன். உன் அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். நீ அழவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

மறுநாள் மருத்துவர் நோட்டைப் பார்த்த உடனே புரிந்துகொண்டார். உன்னைத் திட்டவில்லை. "உண்மையான அளவை எழுதியிருந்தால் வீட்டில் என்ன நடந்திருக்கும்?" என்று மட்டும் கேட்டார். நீ அவருக்குப் பதில் சொல்லாமல் என்னைத் திரும்பிப் பார்த்தாய்.

அந்தப் பார்வைக்கு நான் இத்தனை ஆண்டுகள் கழித்துப் பதில் எழுதுகிறேன். உன் எண்களை நான் மதிப்பெண்களாகப் படித்துவந்தேன் அம்மா. 120 என்றால் முகம் மலர்ந்தேன், 300 என்றால் "என்ன செய்தாய்?" என்று கேட்டேன். பல நேரங்களில் நீ எதுவுமே செய்திருக்கவில்லை. வளரும் வயதில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையை மந்தமாக்கும், அந்த வயதுப் பிள்ளைகளுக்குக் கூடுதலாகவே இன்சுலின் தேவைப்படும் என்பதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். 310 என்ற எண், அடுத்த ஊசியில் எவ்வளவு போடுவது என்பதற்கான தகவல். அதை நான் உன் மேல் ஒரு குற்றச்சாட்டாக்கினேன். அதனால்தான் நீ அதை ஒளித்தாய். அந்தத் தவறு என்னுடையது.

இதை இப்போது சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த நோட்டு இன்னும் மூடப்படவில்லை என்று எனக்குப் படுகிறது.

பத்து ஆண்டுகள் உன்னைப் பார்த்த குழந்தை மருத்துவர், பதினெட்டு முடிந்ததும் ஒரு கடிதத்தைக் கையில் கொடுத்து, இனிப் பெரியவர்கள் பிரிவுக்குப் போக வேண்டும் என்று அனுப்பிவிட்டார். அந்தக் கடிதம் எட்டு மாதம் உன் பையிலேயே கிடந்தது. ஏன் போகவில்லை என்று போன மாதம் கேட்டபோது நீ சொன்னது: "அளவுகள் சரியாக இல்லை அப்பா, கொஞ்சம் சரிசெய்துகொண்டு போகலாம் என்று இருந்தேன்." மருத்துவரிடம் போவதற்கு முன் எண்களை அழகாக்க வேண்டும் என்ற அதே எண்ணம்! நோட்டில் மூன்று வாரத்தை ஒரே இரவில் எழுதினாய். இம்முறை எட்டு மாதம் காத்திருந்தாய்.

உன்னை மட்டும் குறை சொல்ல மாட்டேன். அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2011-லேயே இந்த மாற்றத்துக்கென்று பரிந்துரைகளை வெளியிட்டது. பெரியவர்கள் பிரிவுக்கு மாறுவதற்குக் குறைந்தது ஓராண்டு முன்பே தயாரிப்பைத் தொடங்க வேண்டும், நோயின் முழு வரலாற்றையும் எழுத்தில் கொடுத்தனுப்ப வேண்டும் என்று அதில் இருக்கிறது. மாறும் காலத்தில்தான் இளைஞர்கள் சிகிச்சையிலிருந்து நழுவிப்போகிறார்கள் என்பது மருத்துவ உலகம் நன்றாக அறிந்த ஒன்று. பள்ளி முடிகிறது, ஊர் மாறுகிறது, உடன் வரும் பெற்றோர் இல்லை, மருத்துவரும் புதியவர். எல்லாம் ஒரே ஆண்டில். பதினேழு வயதில் உன்னைத் தனியாக மருத்துவரிடம் பேச விட்டிருக்க வேண்டும். மருந்து தீர்வதற்கு முன் வாங்குவதை, நாள் குறித்துக்கொள்வதை அப்போதே உன்னிடம் விட்டிருக்க வேண்டும். எல்லாவற்றையும் நானே செய்தேன். பிறகு ஒரே நாளில் எல்லாவற்றையும் உன் தலையில் இறக்கினேன்.

போன மாதம் புதிய மருத்துவர் உன் பெயரைச் சொல்லி அழைத்தபோது வழக்கம்போல நானும் எழுந்தேன். "அவர் மட்டும் வரட்டும்" என்றார்கள். கதவு மூடியது. உன்னை "அவர்" என்று ஒருவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் முறை. இருபது நிமிடம் வெளியே உட்கார்ந்திருந்தேன். உள்ளே அவர் கேட்கும் எல்லாக் கேள்விக்கும் எனக்குப் பதில் தெரியும், ஆனால் கேட்பது என்னை அல்ல. எனக்கு முதலில் வந்தது கோபம்தான். பிறகு, நான் இல்லாத ஓர் அறையில் நீ உண்மையான எண்ணைச் சொல்லியிருக்கக்கூடும் என்று தோன்றியதும் கோபம் அடங்கியது.

வெளியே வந்ததும் நீ சொன்னது, காத்திருப்போர் எல்லாரும் தாத்தா பாட்டி வயது என்று. காலில் கட்டுப்போட்டிருந்த ஒருவரையே நீ பார்த்துக்கொண்டிருந்ததை நான் கவனித்தேன். அவருடைய கதை நமக்குத் தெரியாது. அங்கே வருபவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது இரண்டாம் வகை நீரிழிவு. உனக்கு இருப்பது முதல் வகை. உன் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிட்டது. எந்த மருத்துவமனையில் எதற்காகச் சேர்ந்தாலும் முதல் வாக்கியமாக "எனக்கு முதல் வகை" என்று சொல். சாப்பிடவில்லையே என்று யாராவது இன்சுலினை முழுவதுமாக நிறுத்தப் பார்த்தால் ஒப்புக்கொள்ளாதே.

உனக்கு எட்டு வயதில் நோய் தெரியவந்த வாரம் நான் படித்த ஒன்றை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. கனடாவின் டொரண்டோ நகரில் 1922 ஜனவரி 11 அன்று லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் செலுத்தினார்கள். மருந்து தூய்மையாக இல்லாததால் அன்று பெரிய பலனில்லை. சுத்திகரித்து ஜனவரி 23 அன்று மீண்டும் செலுத்தியபோது சர்க்கரை இறங்கியது. அதன் பிறகு 13 ஆண்டுகள் அவன் வாழ்ந்தான். அதற்கு முன் இந்த நோய் வந்த பிள்ளைகள் பெரியவர்களாவது அரிது. குழந்தை மருத்துவரிடமிருந்து பெரியவர்கள் மருத்துவரிடம் மாறுவது என்ற பிரச்சினையே அப்போது இருக்க வழியில்லை. கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்த அந்த இருபது நிமிடத்தில் நான் லெனார்டின் அப்பாவை நினைத்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது எண்களைப் பற்றியது. 1993-இல் ஒரு பெரிய ஆய்வின் முடிவு வந்தது. 13 முதல் 39 வயது வரையிலான 1,441 பேர், எல்லாருக்கும் உன்னைப் போல முதல் வகை. ஒரு பாதியினர் வழக்கமான முறையில் இன்சுலின் போட்டார்கள். மறுபாதியினர் அடிக்கடி அளந்து, அதற்கேற்ப அளவை மாற்றிப் போட்டார்கள். இரண்டாம் குழுவினருக்கு விழித்திரை பாதிப்பு புதிதாக வரும் அபாயம் 76 சதவீதம் குறைந்தது. இதை நீ கேள்விப்பட்டிருப்பாய். கேள்விப்படாத பகுதி இது: கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி என்ற இரத்தப் பரிசோதனையில் அவர்களுக்கு வைத்த இலக்கு 6.05 சதவீதம். மருத்துவர், செவிலியர், உணவு ஆலோசகர் என்று ஒரு படையே உடன் இருந்தும், அந்த இலக்கைத் தொடர்ந்து காப்பாற்றியவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. பெரும்பாலோர் 7-ஐ ஒட்டியே இருந்தார்கள். ஆனாலும் கண் காப்பாற்றப்பட்டது. ஒரே மையில் எழுதிய 112, 124, 118 யாருக்கும் வாய்க்கவில்லை அம்மா. அப்படிப்பட்ட எண்களை நான் உன்னிடம் எதிர்பார்த்தது அறியாமை.

ஆகவே, அடுத்த முறை போகும்போது எண்கள் எப்படி இருந்தாலும் போ. மோசமாக இருந்தால் கட்டாயம் போ. வேண்டுமென்றே ஊசி போடாமல் விட்ட நாட்கள் இருந்தால், அலுத்துப்போய் அளக்காமல் விட்ட வாரங்கள் இருந்தால், அதையும் அவரிடம் சொல். ஒரு நாள்கூட விடுமுறை தராத நோய் இது, அலுப்பு வரத்தான் செய்யும். அந்த அலுப்பைப் பற்றிப் பேசுவதும் சிகிச்சைதான். என்னிடம் சொல்ல வேண்டியதில்லை.

கண், சிறுநீர்ப் புரதம், பாதம், இரத்த அழுத்தம் இவற்றை ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்பது உனக்கே தெரியும். பெரியவர்கள் பிரிவில் யாரும் ஞாபகப்படுத்த மாட்டார்கள், நீதான் கேட்டு வாங்க வேண்டும்.

காய்ச்சலும் வாந்தியும் வரும் நாட்களைப் பற்றித்தான் எனக்குப் பயம் அதிகம். சாப்பிட முடியாவிட்டாலும் நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினை நிறுத்தாதே. இன்சுலின் போதாதபோது இரத்தத்தில் சேரும் அமிலமான கீட்டோன் எவ்வளவு என்று அளந்து பார். 1.5-ஐத் தாண்டினால் மருத்துவரை அழை. 3-ஐத் தொட்டால், அல்லது குடித்த தண்ணீர்கூட வயிற்றில் நிற்காவிட்டால், விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போ. என்னை அழைப்பது அதற்குப் பிறகு.

மது பற்றி எழுதப் பேனா தயங்குகிறது. நீ குடிப்பாயா என்று நான் கேட்கப்போவதில்லை. ஒருநாள் குடிக்க நேர்ந்தால் தெரிந்திருக்க வேண்டியது இது. கல்லீரல் மதுவைக் கையாளும் நேரத்தில் சர்க்கரையைச் சரிவரத் தராது. அதனால் பல மணி நேரம் கழித்து, மறுநாள் காலையில்கூட, அளவு இறங்கிவிடலாம். இறங்கும்போது வரும் தள்ளாட்டமும் குளறலும் போதையைப் போலவே இருக்கும். தோழிகள் தூங்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். ஒருத்தியாவது விஷயம் தெரிந்தவளாக உடன் இருக்கட்டும். வெறும் வயிற்றில் வேண்டாம், படுக்கும் முன் அளந்து பார்.

குழந்தை பெற்றுக்கொள்வது பற்றி உன் அம்மா எழுதச் சொன்னாள். முதல் சில வாரங்களிலேயே சிசுவின் உறுப்புகள் உருவாகிவிடும் என்பதால், சில மாதங்கள் முன்பே மருத்துவரிடம் சொல்லித் தயாராக வேண்டும். அவ்வளவுதான். மற்றபடி இந்த நோயால் தாயாக முடியாது என்று யார் சொன்னாலும் நம்பாதே.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். நிறுத்திவிடலாம். நாளைக் காலையிலிருந்து உன் அளவுகள் என் கைபேசிக்கு வராது. ஒன்றை மட்டும் உன்னிடம் கேட்கிறேன், நீ வேண்டாம் என்றால் அதையும் விட்டுவிடுகிறேன்: 55-க்குக் கீழே இறங்கினால் அடிக்கும் அபாய மணி மட்டும் எனக்கு வரட்டும். அந்த அளவில் நீயே உனக்கு உதவிக்கொள்ள முடியாமல் போகலாம் என்பதால் கேட்கிறேன். மணி அடித்தால் ஒருமுறை அழைப்பேன். நீ எடுத்து "பார்த்துக்கொண்டேன்" என்றால் போதும், ஏன் இறங்கியது என்று கேட்க மாட்டேன். எடுக்காவிட்டால் உன் அறைத் தோழியை அழைப்பேன்.

அவளுடைய தொலைபேசி எண்ணை அனுப்பு. சர்க்கரை மிகவும் இறங்கினால் அதை ஏற்றும் அவசர மருந்தான குளுக்ககான் எந்த அலமாரியில் இருக்கிறது, எப்படிப் போடுவது என்பதை அவளுக்கு நீயே காட்டிவிடு.

அன்புடன்,
அப்பா