வயலின் என்ன குற்றம் செய்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் கிரீன் டே என்ற அமெரிக்க பங்க் இசைக்குழுவைப் பற்றி வந்த ஒன்றரைப் பக்கக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஆசையாக. இரண்டாம் முறை, நான் சரியாகத்தான் படித்தேனா என்று பார்ப்பதற்காக. பணமும் புகழும் வந்ததும் பங்க் என்கிற அந்த முரட்டு, வேக ராக் இசையை மூட்டை கட்டி வைத்துவிட்டு வயலினைக் கையில் எடுத்துக்கொண்டார்கள் என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டார் உங்கள் கட்டுரையாளர். மேல்முறையீட்டுக்கு இடம் உண்டா என்று தெரியவில்லை. உண்டு என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அவர் குறிப்பிடும் வயலின் பாட்டு 'குட் ரிடன்ஸ்'. 1997-ல் 'நிம்ராட்' ஆல்பத்தில் வந்தது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் குழுவின் பாடகர் பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங் அதை எழுதியது 1990 வாக்கில், காதலி ஈக்வடாருக்குக் கிளம்பிப் போன வருத்தத்தில். அன்று கையில் காசும் கிடையாது, வெளியில் பேரும் கிடையாது. 'டூக்கி' ஆல்பத்தின் பதிவின்போது எடுத்துப் பார்த்து, மற்ற பாட்டுகளோடு ஒட்டவில்லை என்று ஒதுக்கி வைத்தார்கள். 1994 பிப்ரவரியில் 'டூக்கி' வெளியாகி, அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிப் பிரதிகளைத் தாண்டிய கதை ஊரறிந்தது. அதற்குப் பிறகும் இந்தப் பாட்டுக்கு ஆல்பத்தில் இடம் கிடைக்க மூன்று வருஷம் ஆனது. புகழ்தான் அதைப் பெற்றெடுத்தது என்றால் இதென்ன கணக்கு?

ஆல்பத்தில் அந்தப் பாட்டின் தொடக்கத்தைக் கட்டுரையாளர் ஒரு தடவை காது கொடுத்துக் கேட்கட்டும். கிட்டாரில் முதல் சில சுரங்களை ஆம்ஸ்ட்ராங் தப்பாகப் பிடிப்பார். மறுபடி தொடங்கி மறுபடி தப்புவார். வாய்க்குள் ஒரு கெட்ட வார்த்தை. அதை வெட்டாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். விலைபோனவன் முதலில் வெட்டியிருப்பது அதைத்தான்.

சரி, திடீர்ப் புகழ் வந்ததும் உண்மையில் என்ன செய்தார்கள்? 1995-ல் 'இன்சாம்னியாக்' போட்டார்கள். 'டூக்கி'யைவிட முரட்டு ஆல்பம், இருட்டும் அதிகம். 1996-ல் உடம்பும் மனசும் ஓய்ந்து ஐரோப்பியக் கச்சேரிகளை ரத்து செய்துவிட்டு வீடு திரும்பினார்கள். அதற்கப்புறம்தான் 'நிம்ராட்'. 18 பாட்டுகள், ஒன்றில் ஸ்கா என்கிற ஜமைக்கா நடன இசைப் பாணியில் டிரம்பெட், ஒன்றில் குரலே இல்லை. 2000-ல் 'வார்னிங்': அக்கூஸ்டிக் கிட்டார், மாண்டலின், அக்கார்டியன் எல்லாம் உண்டு. 'டூக்கி'க்குப் பிறகு அதுவரை வந்ததில் மிகக் குறைவாக விற்றதும் அதுதான். காசுக்காக மாறியவர்களுக்கு இவ்வளவு மோசமாகவா வியாபாரம் தெரியும்?

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். 1993-ல் நான் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் மாணவன். 924, கில்மன் தெரு என்ற முகவரியையே பெயராகக் கொண்ட பங்க் கச்சேரிக் கூடம் என் அறையிலிருந்து நடக்கிற தூரம். பக்கத்துக் கதவு பிரம்பு நாற்காலி பின்னும் கடை. கில்மனில் உறுப்பினர் அட்டைக்கு 2 டாலர். உள்ளே குடிக்கக் கூடாது, அடிதடி கூடாது என்று சுவரிலேயே எழுதியிருக்கும். அங்கே இவர்களைப் பார்த்தேன். கச்சேரி நடுவில் டிரம்மர் எழுந்து வந்து கிட்டாரை வாங்கி மாட்டிக்கொண்டார். பில்லி ஜோ போய் டிரம்ஸில் உட்கார்ந்தார். 'டூக்கி'க்கு முந்தைய 'கெர்பிளங்க்' ஆல்பத்தில் இருக்கும், 'கன்ட்ரி' என்கிற அமெரிக்க நாட்டுப்புறப் பாணிக் கேலிப் பாட்டைப் பாடினார்கள். பங்க் கேட்க வந்த கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பெரிய கம்பெனி இல்லை, வீடியோ இல்லை, வயலினும் இல்லை. ஆனால் பங்க்கைத் தாண்டி வேறு பாணிகளின் பக்கம் அவர்கள் கை அன்றே நீண்டுகொண்டுதான் இருந்தது.

பெரிய கம்பெனியில் கையெழுத்துப் போட்டதும் கில்மன் அவர்களுக்குக் கதவைச் சாத்தியது. அதன் சட்டம் அப்படி. விலைபோய்விட்டார்கள் என்று அன்று கத்தியவர்களில் நானும் ஒருவன், மறைக்கவில்லை. எனக்கு 21 வயசு. அப்பா அனுப்பும் பணத்தில் படித்துக்கொண்டு அடுத்தவன் வருமானத்தைப் பற்றிக் கருத்துச் சொன்னேன். அந்த வயசில் நான் பேசியதை உங்கள் கட்டுரையாளர் இன்று அச்சில் பேசுகிறார். கில்மனே 2015-ல் ஒரு நிதி திரட்டும் கச்சேரிக்கு அவர்களை மேடையேற்றிவிட்டது. கதவைச் சாத்தியவர்களுக்கே கோபம் ஆறிவிட்டது, உங்கள் பத்திரிகைக்கு மட்டும் ஆறவில்லை.

2025 மார்ச்சில் மும்பை மகாலட்சுமி ரேஸ் கோர்ஸில் நடந்த இவர்கள் கச்சேரிக்கு என் மகள் என்னை இழுத்துக்கொண்டு போனாள். 2004-ல் வந்த 'அமெரிக்கன் இடியட்' பாட்டுகளை அவள் வயசுப் பிள்ளைகள் வரி விடாமல் பாடினார்கள். ஒன்பது நிமிஷத்துக்கு மேல் ஓடும் பாட்டெல்லாம் அதில் உண்டு. 'நிம்ராட்'டும் 'வார்னிங்'கும் போட்ட பாதை இல்லாமல் அது எங்கிருந்து வந்திருக்கும்? கட்டுரையில் இந்தக் கச்சேரிக்கு ஒரு வரி இல்லை. இந்தியாவுக்கு வந்ததே தெரியாதோ, என்னவோ.

மேற்கத்திய இசைக்கு வருஷத்தில் இரண்டு முறை இடம் ஒதுக்குகிறீர்கள், நன்றி. ஒதுக்கும்போதெல்லாம் 'கூச்சல்' என்ற சொல் எப்படியாவது தலைப்பில் ஏறிவிடுகிறது. அந்த டிரம்மரின் பெயர் ட்ரே கூல். நீங்கள் இம்முறையும் ட்ரீ கூல் என்று போட்டிருக்கிறீர்கள், அவர் மரமல்ல. இதைப் பற்றி முன்பு நான் எழுதிய கடிதத்தை மூன்று வரியாக வெட்டிப் போட்டு, கீழே என் பெயரையும் தப்பாக அச்சிட்டீர்கள்.

இன்னொன்று. 2012-ல் ராக் இசை பற்றிய சிறப்பிதழுக்காக என் கில்மன் அட்டையை உங்கள் அலுவலகத்திலிருந்து ஃபோன் செய்து கேட்டார்கள். பதிவுத் தபாலில் அனுப்பினேன். படம் வந்தது, பக்கத்தில் வேறு ஏதோ குழுவின் படத்தோடு. அட்டை வரவில்லை. கேட்டபோது தேடுவதாகச் சொன்னார்கள்.

திருத்தம் போடுவதும் போடாததும் தங்கள் பெருந்தன்மை. அட்டையை மட்டும் திருப்பி அனுப்புங்கள். முகவரி எழுதி, தபால்தலை ஒட்டிய உறை இணைத்திருக்கிறேன். ஒரு மூலை மடங்கியிருக்கும், பின்பக்கம் நீல மையில் 1993 என்று இருக்கும்.

இப்படிக்கு,
எஸ். மு.,
மதுரை