மாணவர் வரைவுகளுக்குக் கைகொடுத்தோருக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

பாலக்கோடு, பென்னாகரம், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கத்துப் பிள்ளைகள் தங்கள் கட்டுரை வரைவுகளைக் கூகுள் டாக்ஸில் ஒருவருக்கொருவர் திருத்திப் பழகத் துணை நின்ற எல்லாருக்கும் இந்த மடல். பொதுவாக ஒரு நன்றி சொல்லி முடித்திருக்கலாம். யார் செய்தது எங்கே பயன்பட்டது என்று சொன்னால், வேறு ஊரில் தொடங்குகிறவர்களுக்கும் உதவுமே!

முதல் நன்றி, பகிரும்போது 'எடிட்டர்' (நேரடியாக மாற்றும் அனுமதி) வேண்டாம், 'கமெண்டர்' (கருத்து மட்டும் சொல்லும் அனுமதி) போதும் என்று விடாப்பிடியாக நின்ற கணினி ஆசிரியர்களுக்கு. எடிட்டர் அனுமதி கிடைத்தால், நன்றாக எழுதும் பிள்ளை தோழியின் கட்டுரையை ஒரேயடியாக மாற்றி எழுதிவிடும். பெயர் ஒருத்தியுடையது, நடை இன்னொருத்தியுடையது என்றாகிவிடும். கமெண்டராகத் திறந்தால் எதைத் தட்டச்சு செய்தாலும் அது பரிந்துரையாகத்தான் நிற்கும். எழுதியவர் டிக்கைத் தொட்டால் ஏறும், பெருக்கல் குறியைத் தொட்டால் மறையும். பரிமாறும் முன், பழைய வடிவங்கள் சேமிக்கப்படும் வெர்ஷன் ஹிஸ்டரியில் 'முதல் வரைவு' என்று பெயர் கொடுத்து வைக்கச் சொன்னவர்களும் இவர்களே. பரிந்துரைகளை யோசிக்காமல் மொத்தமாக ஏற்றுக்கொண்ட பிள்ளைகளுக்குப் பழைய பத்தியை மீட்டுக் கொடுத்தது அந்தப் பெயர்தான்.

டிடிபி கடை வைத்திருக்கும் அண்ணன்மாருக்கும் கடன்பட்டிருக்கிறோம். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கட்டுரையை டாக்ஸில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். அந்த எழுத்துருவில் மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளி விசையில் இருக்கிறது. அதைக் காசு வாங்காமல், எல்லாக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றிக் கொடுத்தார்கள். மாற்றிய பிறகே பகிர வேண்டும். கருத்துகள் விழுந்த பின் மாற்றி ஒட்டினால், எந்த வரிக்கு எழுதிய கருத்து என்ற பிடிப்பே போய்விடும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் தயாரித்த கேள்வி அட்டை இல்லையென்றால் எல்லாக் கருத்தும் 'சூப்பர்', 'அருமை' என்றே முடிந்திருக்கும். அட்டையில் மூன்றே கேள்விகள்: எந்த வரியில் நின்று மறுபடி படித்தாய்? எதை இன்னும் தெரிந்துகொள்ள நினைத்தாய்? எந்த வரியை எடுத்தாலும் கட்டுரை நிற்கும்? மூன்று பேர் கொண்ட குழு, 250 சொல்லுக்குள் வரைவு, ஒருவருக்கு மூன்று கருத்து. அதற்கு மேல் போனால் எழுதியவர் எதையும் படிப்பதில்லை. கிருஷ்ணகிரி மாம்பழக் கூழ் ஆலை பற்றிய வரைவின் ஓரத்தில் வந்த ஒரு கருத்து: "கூழ் டின்னுக்குப் போகிறது, சரி. கொட்டை எங்கே போகிறது?" அடுத்த வரைவில் கொட்டைக்கென்றே ஒரு பத்தி முளைத்தது.

பிழை திருத்தத்துக்கு நீச்சல்காரன் என்ற புனைபெயர் கொண்டவர் உருவாக்கிய வாணி, நாவி என்ற இணையக் கருவிகள் கைகொடுத்தன, அவருக்கும் நன்றி. 'படித்து பார்த்தான்' போன்ற சந்திப்பிழைகளை நாவி சுட்டும். ஆனால் இவற்றைக் கடைசிச் சுற்றில்தான் திறக்க வேண்டும்; நாளை வெட்டப்போகிற வரிக்கு இன்று ஒற்று தேடுவானேன்? எந்தக் கருவியானாலும் 'ஆடியில் உளவு தொடங்கும்' என்பதைக் கண்டுகொள்ளாமல் போகலாம். உளவும் நல்ல தமிழ்ச் சொல்தானே! உழவரை ஒற்றராக்கும் இந்த ளகரத்தைப் பிடிக்க, வாய்விட்டுப் படிக்கும் தோழர் வேண்டும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகளிடம் இதைக் கேலி செய்யாமல், சொல்லை மட்டும் சுட்டிக்காட்டிய சக மாணவர்களை மனதாரப் பாராட்டுகிறோம்.

மாலையில் கைப்பேசியைக் கொடுத்த பெற்றோர்களே, உங்களுக்கும் நன்றி. உங்கள் கணக்கில் திறப்பதால் கருத்தெல்லாம் உங்கள் பெயரில் விழுகிறது. அப்பாக்களே ஒற்றுப்பிழை திருத்துவதாகத் தெரிகிறது! கருத்தின் தொடக்கத்தில் பிள்ளையின் முதலெழுத்தைப் போடச் சொல்லுங்கள். சிக்னல் கிடைக்காத மலைக் கிராமங்களுக்குப் போகும் முன், கோப்பை ஆஃப்லைனில் வைத்துக்கொள்ளும் வசதியை இயக்கிவிடுங்கள். பத்திகளுக்கு எண் போட்டிருந்தால், படித்தபடியே கருத்தை நோட்டில் குறித்து, சிக்னல் வந்ததும் ஏற்றிவிடலாம்.

கேள்வி அட்டையை யார் வேண்டுமானாலும் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாம்; தயாரித்தவர்கள் சம்மதம் சொல்லிவிட்டார்கள்.

இப்படிக்கு,
எழுத்துப் பயிற்சி ஆசிரியர்கள்,
தருமபுரி, கிருஷ்ணகிரி.