பனிக்காலத்திலும் தோட்டம் திறந்திருக்கட்டும்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. உங்கள் குடியிருப்பின் பொதுத் தோட்டத்துக்கு இனி நீதான் பொறுப்பு என்று படித்ததும், அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து அந்தப் பகுதியை உரக்க வாசித்துக் காட்டினேன். அவளுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. ஆனால் கடிதத்தின் கடைசியில் நீ எழுதியிருந்ததுதான் எனக்கு ஒப்பவில்லை. உறைபனி இறங்கத் தொடங்கிவிட்டதால் இந்த மாதத்தோடு தோட்டத்தை மூடிவிடலாம், இளைஞர் குழுவை வசந்தம் வந்தபின் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள் என்றாய். நீயும் பாதி சம்மதித்துவிட்டாய் என்று உன் எழுத்திலேயே தெரிகிறது. வேண்டாம் அம்மா. மூடாதே.

வசந்தத்தில் பிள்ளைகளைத் தோட்டத்துக்கு அழைத்துவருவது பெரிய காரியம் இல்லை. பூவும் தளிரும் தாமாகவே கூப்பிடும். காட்டுவதற்கு ஒன்றுமே இல்லாத மாதங்களில், மூக்கு நுனி சிவக்கச் சிவக்கச் சேர்ந்து வேலை செய்த பிள்ளைகள்தான் அந்த இடத்தை ‘எங்கள் தோட்டம்’ என்று சொல்வார்கள். பிள்ளைகளோடு மண்ணில் நின்ற இத்தனை வருடங்களில் நான் உறுதியாகக் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான். பதினாறு வயதில் நான்கு மாதம் என்பது மிக நீண்ட காலம். அதற்குள் வேறு நண்பர்கள், வேறு விளையாட்டு, வேறு பழக்கம் எல்லாம் வந்துவிடும். மார்ச்சில் நீ போய்க் கூப்பிடும்போது புதிதாக ஒரு குழுவைத்தான் சேர்க்க வேண்டியிருக்கும்.

குளிரில் அப்படி என்ன வேலை இருக்கிறது என்று கேட்பார்கள். முதலில் மட்கு உரக் குவியலைச் சொல். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஏறத்தாழ ஒரு மீட்டர் இருந்தால்தான் குவியல் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும். அதைவிடச் சிறியது பனியில் செத்துப்போகும். கரிமம் 25 முதல் 30 பங்குக்கு நைட்ரஜன் ஒரு பங்கு என்பது புத்தகக் கணக்கு. கையால் அள்ளிப் போடும்போது காய்ந்த இலையும் கிழித்த அட்டையும் இரண்டு மூன்று கூடை, காய்கறித் தோலும் பசும்புல்லும் ஒரு கூடை என்று வைத்துக்கொண்டால் போதும். கூட்டு சரியாக அமைந்து, ஈரமும் காற்றும் குறையாமல் இருந்தால், வெளியே தண்ணீர் உறைந்து கிடக்கும்போதும் உள்ளே 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை சூடு ஏறும். களை விதைகளையும் பெரும்பாலான நோய்க்கிருமிகளையும் அந்தச் சூடு அழித்துவிடும். குவியலைப் புரட்டும்போது குபுகுபுவென்று ஆவி எழும்பும். உயிரே இல்லை என்று நினைத்த இடத்தில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் உழைத்துக்கொண்டிருப்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்ப்பது அங்கேதான்.

எங்கள் குழுவில் ஒரு பையன் இருந்தான். யாரோடும் பேசமாட்டான், கேட்டால் தலையை மட்டும் அசைப்பான். மட்குக் குவியலுக்கான நீண்ட வெப்பமானியையும் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் அவனிடம் கொடுத்து, இனி இந்தக் குவியல் உன் பொறுப்பு என்றேன். வாராவாரம் அளந்து எழுதினான். சூடு இறங்கியபோது அவனாகவே வந்து, ‘இன்று புரட்ட வேண்டும், ஆட்கள் வேண்டும்’ என்றான். அவன் சொன்ன நாளில், அவன் சொன்னபடி, பெரியவர்கள் உட்பட எல்லோரும் மண்வாரியை எடுத்தோம். அந்தப் பையனைப் பேசவைக்க யாரும் தனியாக எதுவும் செய்யவில்லை. அவன் சொல்லுக்கு ஒரு வேலை நடந்தது, அவ்வளவுதான். உன் குழுப் பிள்ளைகளுக்கும் இப்படிச் செய். குப்பை பொறுக்கவும் சாமான் தூக்கவும் மட்டும் கூப்பிட்டால் அவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள், வருவதை நிறுத்திவிடுவார்கள். முடிவெடுக்கும் வேலையைக் கொடு. எந்தப் பாத்தியில் எது என்று அவர்கள் வரையட்டும். விதை வாங்க ஒரு சிறு தொகையை ஒதுக்கி, அதைச் செலவு செய்யும் பொறுப்பை முழுதாக அவர்களிடம் விடு. தவறான விதை வாங்கினாலும் குறுக்கிடாதே.

நிலம் இன்னும் இறுகவில்லை என்றால் இந்த வாரமே பூண்டு ஊன்றிவிடுங்கள். கூர்முனை மேலே இருக்க வேண்டும். 5 சென்டிமீட்டர் ஆழம், 15 சென்டிமீட்டர் இடைவெளி. பல வாரக் குளிர் பட்டால்தான் பூண்டு பல் பல்லாகப் பிரியும். குளிர் போதாவிட்டால் ஒற்றை உருண்டையாக நின்றுவிடும். குளிர் எல்லாவற்றுக்கும் பகை என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். பூண்டைக் காட்டி இதைச் சொல். ஆப்பிள் மரத்தையும் காட்டு. பல ஆப்பிள் ரகங்களுக்கு ஏறத்தாழ 7 டிகிரிக்குக் கீழே 800 முதல் 1000 மணி நேரம் வரை கிடைத்தால்தான் அடுத்த ஆண்டு ஒழுங்காகப் பூக்கும். கேல் கீரையை ஓர் உறைபனிக்கு முன்பும் பின்பும் பறித்துக் கடித்துப் பார்க்கச் சொல். குளிர் தாக்கும்போது செடி தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகிறது. சர்க்கரை கலந்த நீர் எளிதில் உறையாது என்பதால் செல்கள் பிழைத்துக்கொள்கின்றன. நமக்கு அது இனிப்பாகத் தெரிகிறது. காரட்டும் அப்படித்தான். வகுப்பில் ஒரு மணி நேரம் சொல்லிப் புரியாதது நாக்கில் ஒரு நொடியில் புரிந்துவிடும்.

ஆப்பிள், பேரி மரங்களைக் கவாத்து செய்ய இலை உதிர்ந்த இந்தக் காலமே சரி. ஆனால் பிளம், செர்ரி மரங்களில் இப்போது கத்தரி வைக்கவிடாதே. குளிர் ஈரத்தில் வெட்டுக்காயம் வழியாகப் பூஞ்சை நோய் உள்ளே போய்விடும். அவற்றுக்குக் கோடைதான் உகந்தது. காய்ந்த பூந்தண்டுகளையும் எல்லாம் வெட்டிச் சுத்தப்படுத்தாதே. உள்ளீடற்ற அந்தத் தண்டுகளுக்குள் தனித்து வாழும் சிறு தேனீக்களும் வேறு பூச்சிகளும் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. துப்புரவாக இருந்தால்தான் தோட்டம் என்று சிலர் வாதாடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடே கிடையாது.

பாத்திமேல் விழுந்த பனியைத் தள்ளிவிட வேண்டாம், அது மண்ணுக்குப் போர்வை. மரக்கிளைகளை வளைக்கும் பனியை மட்டும் கீழிருந்து மேலாகத் தட்டிவிடுங்கள். பாதையில் வழுக்கினால் மணல் தூவுங்கள், உப்பு தூவாதீர்கள். உருகும் நீரோடு அது பாத்திக்குள் போய் மண்ணைக் கெடுக்கும். ஊறிய மண்ணில் மிதித்தால் அது இறுகிவிடும். வேலை செய்தே ஆக வேண்டுமென்றால் ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் நிற்கச் சொல்.

வெளியே நிற்க முடியாத நாட்களில் ஓர் அறையில் கூடுங்கள். மண்வெட்டி, களைக்கொத்து, கத்தரி எல்லாவற்றின் துருவையும் தேய்த்து, முனை தீட்டி, மரக் கைப்பிடிகளுக்கு ஆளி எண்ணெய் பூசலாம். இதில் ஓர் எச்சரிக்கை. அந்த எண்ணெயில் நனைந்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. எண்ணெய் உலரும்போது உண்டாகும் சூடு உள்ளேயே தங்கித் தானாகத் தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயப்போட வேண்டும். இதை நீயே நின்று பார். பழைய விதைகளைச் சோதிப்பதும் அறைக்குள் செய்கிற வேலைதான். பத்து விதையை ஈரக் காகிதத்தில் சுற்றி வெதுவெதுப்பான இடத்தில் வைத்து, எத்தனை முளைக்கிறது என்று எண்ணினால் போதும். தக்காளி விதை நன்றாக வைத்திருந்தால் நான்கைந்து ஆண்டுகள் தாங்கும்; வெங்காய விதை ஓரிரு ஆண்டுகளில் பழுதாகிவிடும்.

பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றி நீ எழுதவே இல்லை. பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கு. எந்த நேரத்திலும் பெரியவர்கள் இரண்டு பேராவது இருக்க வேண்டும். ஒரு பெரியவர் மட்டும் ஒரு பிள்ளையோடு தனியே இருக்கும்படி வேலையைப் பிரிக்காதே. தோட்டத்தில் கீறலும் குத்தும் சகஜம் என்பதால் டெட்டனஸ் தடுப்பூசி போட்டிருக்கிறார்களா என்று கேட்டுக்கொள். ஈரமான கையுறையோடு யாரையும் நிற்கவிடாதே, மாற்றுக் கையுறைகள் எப்போதும் ஒரு பெட்டியில் இருக்கட்டும். இருட்டு சீக்கிரம் வந்துவிடும் காலம், ஆகவே பள்ளி விட்ட மாலைகளைவிட விடுமுறை நாளின் முற்பகலே நல்லது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நீட்டாதே. இன்னும் கொஞ்சம் இருக்கலாமே என்று தோன்றும்போதே அனுப்பிவிட்டால் அடுத்த வாரமும் வருவார்கள்.

சில பிள்ளைகள் பள்ளிக்குத் தன்னார்வ மணி நேரம் காட்டத்தான் வருகிறார்கள் என்று வருத்தப்பட்டிருந்தாய். வரட்டுமே. எதற்காக வந்தார்கள் என்பதைத் தோண்டாதே. அவர்கள் உழைத்த நேரத்தைச் சரியாகக் குறித்துவை, கேட்ட நாளில் கையெழுத்துப் போட்டுக் கொடு. கணக்கில் நேர்மையாக நடத்தப்பட்ட பிள்ளை, மணி நேரம் நிறைந்த பிறகும் வந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

தோட்டத்துக்கு வெளியேயும் இவர்களுக்கு வேலை இருக்கிறது. தனியாக வாழும் முதியவர்களின் வாசல் பனியைத் தள்ளிக் கொடுக்கட்டும். பறித்த கீரையில் ஒரு பங்கு அந்த வீடுகளுக்குப் போகட்டும். அந்த முதியவர்களில் பழைய தோட்டக்காரர்கள் நிச்சயம் இருப்பார்கள். அவர்களை நாற்காலியோடு அழைத்துவந்து உட்காரவைத்துவிட்டால், கவாத்துக் கத்தரியை எந்தக் கோணத்தில் பிடிப்பது என்பதை உன்னைவிட நன்றாகச் சொல்லிக் கொடுப்பார்கள். முதியவர்களுக்கு ஒரு காலைப்பொழுது துணை கிடைக்கும், பிள்ளைகளுக்கு ஓர் ஆசான் கிடைப்பார்.

தொடங்குவதற்கு ஒரு நாள் வேண்டுமென்றால் டிசம்பர் 5ஐ எடுத்துக்கொள். அன்று சர்வதேசத் தன்னார்வலர் தினம். ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 1985-ல் அறிவித்தது. உலக மண் தினமும் அதே நாள்தான், 2014 முதல் அதிகாரபூர்வமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. மண்ணுக்கும் தன்னார்வலருக்கும் சேர்ந்தாற்போல ஒரு நாள் அமைந்திருக்கும்போது நீ கதவை மூடிவைப்பது எனக்குத் தாங்காது. மேடை, பேச்சு எதுவும் வேண்டாம். அன்று காலை எல்லோரும் சேர்ந்து மட்குக் குவியலைக் கட்டுங்கள், போதும்.

அம்மா உன்னைக் கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போகச் சொல்கிறாள். தொண்டை வலி இப்போது எப்படி இருக்கிறது என்று நீ எழுதவில்லை, அதை முதலில் எழுது.

தோட்டத்துக் குழாயில் தண்ணீரை இன்னும் வடிக்கவில்லை என்றால் இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றே வடித்துவிடு. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரியும், குழாய் தாங்காது. ரப்பர் குழாயையும் பூவாளிகளையும் கவிழ்த்து உள்ளே வை. உங்களிடம் மீந்திருக்கும் விதைகளின் பட்டியலைப் பிள்ளைகளை விட்டு எழுதச் சொல்லி அனுப்பு. எதை எப்போது வீட்டுக்குள் நாற்றுவிடலாம் என்று குறித்து அனுப்புகிறேன். தக்காளிக்குக் கடைசி உறைபனிக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பு தொடங்கினால் போதும், அவசரப்பட வேண்டாம். வெங்காய விதையை மட்டும் இப்போதே சோதித்துப் பார்த்துவிடு.

அன்புடன்,
அப்பா